பெயர் இல்லாத துண்டு

சமாதானபுரத்தில் அடுத்தடுத்து ஒன்பது மெடிக்கல் கடை.
ஆனாலும் மைதீன் பாத்து என்னிடம்தான் வருவாள்,
மேலப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி,
சில்லறையாக மூன்று மூன்றாய் வெட்டித் தருவேன் என்பதற்காக.

இன்று வலது கன்னம் வீங்கியிருந்தது.
பல் டாக்டர் சீட்டை நீட்டினாள்:
மெட்ரோனிடசோல், டைக்ளோபினாக்,
அஞ்சு நாளைக்கு.

'வேற ஏதும் மாத்திரை சாப்பிடுதியளா?'
'ராத்திரி ஒண்ணு.'
'என்ன மாத்திரை?'
'வெள்ளை.'

உலகத்தில் பாதி மாத்திரை வெள்ளைதான்.

பீடி பாஸ்புக்கின் நடுவிலிருந்து
துண்டு ஒன்றை எடுத்தாள்.
மூன்று குழியில் இரண்டு காலி.
திருப்பினால் ஒரு தேதியின் பாதி,
சிவப்புக் கோடு கொஞ்சம்,
'ரின்' என்று முடிகிற வால் மட்டும்.
ஆஸ்பிரினா, வார்ஃபரினா?
தலை வேறு யார் வீட்டிலோ இருக்கிறது.

'நெஞ்சுல ஆபரேசன் ஏதும்?'
துப்பட்டியை ஒரு விரல் விலக்கி
கழுத்துக்குழியில் தொடங்கும் தழும்பின் நுனியைக் காட்டினாள்.
'வால்வு மாத்தி நாலு வருசம்.
ராத்திரி கரண்டு போயிட்டா டிக் டிக்குன்னு கேக்கும்.
எம் மவன் முதல்ல வாட்ச்சுன்னு தேடினான்.'

வார்ஃபரின்.
அப்படியென்றால் இந்தச் சீட்டில் இருக்கிற முதல் மருந்து
அதை உடம்பை விட்டுப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும்.
இரண்டாவது வயிற்றைச் சுரண்டும்.
நடுவில் ரத்தம்
நிற்க வேண்டிய இடத்தை மறந்துவிடும்.

'சாப்பாடு?'
'கஞ்சிதான். பல்லு விடலியே.'
'கீரை?'
'அத விட்டுட்டேன். அந்த மாத்திரைக்கு ஆவாதுன்னு
அடுத்த வீட்டு ஜொகரா சொன்னா.
முன்னெல்லாம் வாரத்துல நாலு நாள்
கொல்லையில ஒடிச்ச முருங்கதான்.'

டாக்டர் ரத்தம் பார்த்துப் பார்த்து அளவு வைத்தது
அந்த நாலு நாள் முருங்கையையும் சேர்த்துத்தான்.
கீரைக்கும் மாத்திரைக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது,
இரண்டுக்கும் தெரியாமல்.
நல்லது சொன்ன ஜொகரா
ஒரு தட்டை மட்டும் தூக்கிவிட்டாள்.

'இத நான் தர மாட்டேன்.'
'துட்டு வச்சிருக்கேன்.'
'துட்டு இல்ல விசயம்.'
'அப்ப பக்கத்துக் கடைல வாங்கிக்கிடுதேன்.'
வாங்கலாம். ஐந்து நிமிடத்தில் தந்துவிடுவார்கள்.
சீட்டின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.
சட்டப்படி அது சரியா தெரியவில்லை.

பல் டாக்டர் போனை எடுக்கவில்லை.
இரண்டாம் தடவை ஒரு பையன்,
'சார் பல்லு புடுங்கிட்டு இருக்காரு.'
நாற்காலியில் கன்னத்தைப் பிடித்தபடி
அவள் என்னை வைதுகொண்டிருந்தாள், மெதுவாக.
நடுவில் ஒருத்தர் வந்து
இந்த மாத்திரைக்கு மேல் ஒரு குவார்ட்டர் அடிக்கலாமா என்றார்.
இன்னொருத்தர் கையில் தைராய்டு மாத்திரை,
மறு கையில் டீக்கடை கிளாஸ்.

இருபத்திரண்டு நிமிடம்.
'அடிச்சிருங்க, ரெண்டையும் அடிச்சிருங்க,'
டாக்டர் குரலில் மூச்சு வாங்கியது.
'இப்பவே ஹைகிரவுண்ட் அனுப்புங்க, ரத்தம் பாக்கட்டும்.
வலிக்கு பாரசிட்டமால் மட்டும்.
எங்கிட்ட அந்தம்மா சொல்லவே இல்லையே.'

சொன்னேன் அவளிடம்.
'அவரு பல்லத்தான கேட்டாரு,' என்றாள்.

கீரையைப் பற்றியும் சொன்னேன்:
விடவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்,
எப்போதும் ஒரே அளவு, ரத்தம் பார்த்த பிறகு.
தலையை ஆட்டினாள்.
ஜொகராவுக்கும் இப்படித்தான் ஆட்டியிருப்பாள்.

ஆட்டோவில் ஏறின பிறகுதான்
மேசையில் அவள் விட்டுப்போன துண்டைப் பார்த்தேன்.
என் கத்தரிக்கோல் நுனி மழுங்கினது,
முடிகிற இடத்தில் ஒரு பிசிறு விடும்.
துண்டின் ஓரத்தில் அதே பிசிறு.

இழுப்பறையைத் திறந்தேன்.
விலை போகாத தலைகள் ஏழெட்டு
முழுப் பெயரோடு கிடந்தன.